‘கிராவல் பைக்’ வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காட்டுப் பாதை, வயல்களுக்கு நடுவே செல்லும் வண்டித்தடம், ஆற்றோரப் புல்வெளி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கடக்கும் 70 கிலோமீட்டர் பயணம் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு வாடகை நிறுவனத்திடம், கடந்த மாதம் ஒரு கிராவல் பைக்கையும் (சரளை, மண் பாதைகளில் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்), ஜிபிஎஸ் கருவியில் வழி காட்டும் வழித்தடக் கோப்பையும் சேர்த்துப் பெற்றேன். அந்தப் பயணம் 31ஆவது கிலோமீட்டரில் முடிந்துபோனது. அங்கிருந்து தார்ச்சாலையை எட்டும் வரை பைக்கைத் தோளில் சுமந்துதான் வந்தேன். திரும்பிப்போய் ஒப்படைத்தபோது, உடைந்த பாகத்துக்கு நானே பொறுப்பு என்று சொல்லி முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். இதே போன்ற பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

பைக்கை என் முன்னால் நிறுத்தியபோது குறை எதுவும் கண்ணில் படவில்லை. டயரின் பக்கவாட்டில் 700x40 என்று அச்சிடப்பட்டிருந்தது. 40 மில்லிமீட்டர் அகலம் என்றால் சரளைக்கும் காட்டு மண்ணுக்கும் போதும் என்று எண்ணிக்கொண்டேன். டயர் உட்காரும் ஃபிரேம் எதற்காகச் செய்யப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. அது பழைய சைக்ளோகிராஸ் ஃபிரேம்; அதாவது புல், சேறு, மணல் கலந்த குறுகிய சுற்றுப் பாதையில் நடக்கும் சைக்கிள் போட்டிக்கானது. சைக்ளோகிராஸ் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்தக் காலத்து ஃபிரேம்கள் பலவற்றில் அதைவிடச் சற்றே கூடுதலான இடம்தான் விட்டிருப்பார்கள். அதற்குள் 40 மில்லிமீட்டர் டயரைத் திணித்து, ‘கிராவல்’ என்று பெயர் ஒட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒரு நாணயம் நுழையும் அளவுக்கே இடைவெளி இருந்தது என்பதை, அன்று காலை தற்செயலாக எடுத்த புகைப்படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

முதல் தொல்லை காட்டுக்குள்ளேயே வந்தது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் கிடந்த முள் ஒன்று பின்டயரில் ஏறியது. அது உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்; வழக்கமாக அதற்கு இது ஒரு பொருட்டே அல்ல. உள்ளே ஊற்றியிருக்கும் சீலண்ட் என்ற அடைப்புத் திரவம் துளையின் வழியே கசிந்து, இரண்டு மூன்று சுற்றுக்குள் தானாகவே உறைந்து அடைத்துவிடும். இங்கே காற்று மட்டும் சீறிக்கொண்டு வெளியேறியதே தவிர, ஒரு சொட்டு வெள்ளைத் திரவம்கூட வரவில்லை. டயரைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது: சீலண்ட் எப்போதோ காய்ந்து, வெங்காயச் சருகைப் போல மெல்லிய தோலாக டயரின் உட்புறத்தில் ஒட்டிக்கிடந்தது. அந்தத் தோலுக்கு மேல் பழைய முட்கள் மூன்றின் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

லேடெக்ஸ் கலந்த சீலண்ட் பொதுவாக இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரமாகவே காய்ந்துவிடும் என்பது பைக் பழுதுபார்ப்பவர் எவருக்கும் தெரியும். வாடகைத் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவசரத்துக்கு டியூப் போடலாம் என்றால், வால்வின் அடியில் இருக்கும் திருகு வளையம் காய்ந்த சீலண்டோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. என்னிடம் சிறிய இடுக்கி ஒன்று இருந்ததால்தான் அதைக் கழற்ற முடிந்தது. அவர்கள் கொடுத்த பையில் இருந்த டியூபோ 25 மில்லிமீட்டர் சாலை டயருக்கு உரியது. அதைப் போட்டு, காற்றை மெதுவாக அடித்து, அச்சத்தோடு தொடர்ந்தேன்.

வயல்வெளிப் பகுதியில் வழித்தடக் கோப்பின் உண்மை வெளிப்பட்டது. ‘நாங்களே பலமுறை ஓட்டிப் பார்த்த பாதை’ என்று உறுதி சொல்லியிருந்தார்கள். கோப்பிலோ பாதை இரண்டு இடங்களில் கோடு போட்டது போல நேராக, உழுத நிலத்தின் குறுக்கே போனது. வண்டித்தடம் எங்கே என்று வரப்பில் நின்றிருந்த விவசாயியிடம் கேட்டதற்கு, “இது வழியில்லை, தண்ணீர் வடிகிற இடம், மழை பெய்தால் மாடுகூட இறங்காது” என்றார். அவருடைய பயிரை மிதிக்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டு போனேன். ஒருவர் உண்மையிலேயே ஓட்டிப் பதிவு செய்த கோப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிந்திருக்கும். கணினியில் உட்கார்ந்து வரைந்த கோப்பில் அது இருக்காது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது அந்தக் கோப்பில் ஒரு நேரக் குறிப்பும் இல்லை.

ஆற்றோரப் புல்வெளியில்தான் எல்லாம் முடிந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் களிமண் பிசின் போல ஆகியிருந்தது. புல்லும் களியும் சேர்ந்து கயிறாகத் திரிந்து டயரில் சுற்றிக்கொள்ள, அந்த நாணய அகல இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் அடைபட்டுச் சக்கரம் நின்றது. குச்சியால் சுரண்டி எடுத்தேன்; இருபது அடி போனதும் மீண்டும் நின்றது. மூன்றாவது முறை, நான் இறங்குவதற்குள்ளேயே செயின், கியர் மாற்றும் பாகமான டீரேலரைப் பின்னுக்கு இழுத்து, அதைத் தாங்கும் ஹேங்கர் முறிந்து, டீரேலர் ஆரக்கம்பிகளில் சிக்கியது. ஹேங்கர் என்பது ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படும் சிறு அலுமினியத் துண்டு. ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் மாறும் என்பதால் மாற்றுத் துண்டு கையில் இல்லாவிட்டால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் கொடுத்த பையில் அது இல்லை.

சேற்றில் ஓட்டத் தெரியாமல் உடைத்துவிட்டேன் என்பது அவர்கள் வாதம். 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸில் நடந்த அன்பவுண்ட் கிராவல் போட்டியில், தொடக்கத்திலேயே வந்த சேற்றுப் பகுதியில் தேர்ந்த வீரர்களே பைக்கைத் தோளில் சுமந்து நடந்தார்கள்; பலருடைய டீரேலர் அங்கேயே போனது. ஈரக் களிமண்ணின் குணம் அப்படி. அதில் இறக்கிவிடும் வழித்தடத்தையும், சேறு வெளியேற இடமே இல்லாத பைக்கையும் கொடுத்தவர்கள் ஓட்டியவரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், சேற்றைக் கழுவிய பிறகு செயின்ஸ்டேயின் (பின்சக்கரத்தின் இரு பக்கமும் செல்லும் ஃபிரேம் குழாயின்) உட்புறத்தில் இரு பக்கமும் பெயிண்ட் தேய்ந்து, பிறை வடிவில் பளபளவென்று உலோகம் தெரிந்தது. ஒரு நாளில் வரும் தேய்மானம் அல்ல அது. எனக்கு முன்னால் பலர் இதே பைக்கில் இதே அவதிப்பட்டிருக்கிறார்கள். காலையில் எடுத்த புகைப்படத்தையும் இந்தத் தேய்மானத்தின் படத்தையும் சேர்த்து எழுத்துமூலம் கேட்ட பிறகே முன்பணத்தைத் திருப்பினார்கள். பயணக் கட்டணத்தை இன்றுவரை திருப்பவில்லை.

ஆகவே பைக்கைக் கையில் வாங்கும்போதே டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் தாராளமாக நுழையாவிட்டால் ஈரமான புல்வெளிப் பக்கம் அதை எடுத்துச் செல்லாதீர்கள். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் சீலண்ட் தளும்பும் ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உங்கள் கண்முன்னே ஊற்றித் தரச் சொல்லுங்கள். மாற்று ஹேங்கரையும், டயர் அகலத்துக்குப் பொருந்தும் டியூபையும் கேட்டு வாங்குங்கள். பைக்கின் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாகப் பின்சக்கரத்தின் அடிப்பகுதியை, அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஓட்டிய பைக் இப்போதும் அதே ‘கிராவல்’ என்ற பெயரில் வாடகைக்கு இருக்கிறது. செயின்ஸ்டேயின் உட்புறத்தில் பிறை வடிவத் தேய்மானம் தெரிந்தால், அது அந்த பைக்காகவே இருக்கலாம், எடுக்காதீர்கள்.