பண்டாரவன்னியனும் பிலக்குடியிருப்பும்

இலங்கையின் வடக்கே வன்னியில் அதிகாரத்தை எதிர்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1803 ஓகஸ்டில் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்தான். பீரங்கிகளும் கைக்கு வந்தன. ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் தோற்றான். அங்கே நட்ட கல்லில், அவனைத் தோற்கடித்த கப்டன் வொன் டிரிபேர்க்கின் பெயரும் சேர்ந்தே இருந்தது. ஆனாலும் வன்னி கொண்டாடுவது தோற்றவனைத்தான். அதுதான் சரி.

2017 இல் முல்லைத்தீவின் பிலக்குடியிருப்புச் சனம் ஆயுதம் எடுக்கவில்லை. விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு, பெண்கள் பிள்ளைகளோடு அதன் முகாமுக்கு முன்னால் இரவு பகலாகக் குந்தியிருந்தார்கள். வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம். மார்ச் 1 இல் காணி திரும்பியது. என் கணக்கில் கோட்டையைப் பிடித்ததைவிட இது பெரிது. பக்கத்துக் கேப்பாப்புலவுச் சனமோ அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் வீதியோரக் கொட்டிலில் காத்திருந்தது.