"எல்லாம் வந்துடுச்சு சார்" என்றார்கள்: 40,000 கொடுத்து சர்வே டேட்டாவைத் தொலைத்தேன்

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நிலம் அளக்கும் சர்வே வேலையில் இருக்கும் யாராவது நாளைக்கே இப்படி மாட்டிக்கொள்ளலாம்.

சர்வே சாஃப்ட்வேர் விற்று, கம்ப்யூட்டரும் மாற்றிக் கொடுக்கும் ஏஜென்சி அது. புது மெஷினில் சாஃப்ட்வேரை ஏற்றி, ஆறு வருஷத்து புராஜெக்ட்டுகளையும் மாற்றித் தர 40,000 கேட்டார்கள். பேரம்கூடப் பேசாமல் முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்தேன்.

வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் செருகி, மூன்று மணி நேரம் காப்பி செய்தான். கடைசியில் ஒரு டிராயிங்கைத் திறந்து காட்டினான். எல்லைக்கோடு, கான்டூர் என்கிற சம உயரக் கோடு, அளந்த இடங்களின் பாயின்ட் நம்பர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒரு பாயின்ட்டை க்ளிக் செய்தேன்; வடக்கு, கிழக்குத் தூரங்களான நார்த்திங், ஈஸ்டிங், உயரமான லெவல் மூன்றும் வந்தன. "பாத்துக்கிட்டீங்களா சார், எல்லாம் வந்துடுச்சு. பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி பேக்அப்புக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டான். "சரிப்பா, பண்ணிடு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் அதே டிராயிங்கைத் திறந்தால் கோடு இருக்கிறது, பாயின்ட் ஃபைலைக் காணவில்லை என்று மெசேஜ் வருகிறது. அவன் காப்பி செய்தது டிராயிங்குகளை மட்டும். எங்கள் சாஃப்ட்வேரில் இந்த மூன்று எண்களும் இருக்கும் கோஆர்டினேட் தனி ஃபைல் (அதுதான் பாயின்ட் ஃபைல்), அளக்கும் கருவியான டோட்டல் ஸ்டேஷனிலிருந்து இறக்கிய ரா டேட்டா, அதாவது கணக்கிடாத மூல அளவுகள், இன்னொரு ஃபைல். அவை எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்ற பாதை மட்டும்தான் டிராயிங்கில் இருக்கும். முந்தைய நாள் எல்லாம் சரியாகத் தெரிந்ததே, பழைய டிஸ்க் அதே டி டிரைவாக இன்னும் செருகியிருந்ததால்தான்!

ஃபார்மட் செய்ததோடு விடவில்லை, அதன் மேலேயே புது பேக்அப்பையும் ஏற்றியிருக்கிறான். மீட்கப் பார்த்ததில் பெயரில்லாத துண்டுகள்தான் அகப்பட்டன.

பிரிண்ட் இருக்கிறதே, பார்த்துப் பாயின்ட்டை ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். நடப்பில் இருக்கும் ஒரு வேலையில், ஒரு செட்டப்பில், அதாவது கருவியை ஒரு இடத்தில் நிறுத்தி அளந்ததில் மட்டும், பாயின்ட்டின் மேல் கம்பில் பிடிக்கும் ப்ரிஸத்தின் உயரம் 1.80 மீட்டருக்குப் பதில் 1.30 என்று பதிவாகிவிட்டது. பிரிண்டிலும் அந்த செட்டப்பின் லெவல் எல்லாம் அரை மீட்டர் தூக்கித்தான் நிற்கிறது. ரா ஃபைல் இருந்தால் ஒரு எண்ணைத் திருத்திவிட்டு மறுபடி கணக்கிட்டால் போதும். இப்போது எந்தப் பாயின்ட் எந்த செட்டப்பில் எடுத்தது என்றே தெரியாது. கருவியின் மெமரியையும் போன மாதமே காலி செய்துவிட்டேன்.

போன் செய்தேன். "உங்க சாஃப்ட்வேர் செட்டிங்கா இருக்கும் சார்." மறுபடி செய்தேன். "அந்தப் பையன் லீவு." நான்காவது முறை எடுத்தவர், "பில்லைப் பாருங்க, டிராயிங் டிரான்ஸ்ஃபர்னுதானே போட்டிருக்கு?" என்றார். பார்த்தேன், அப்படித்தான் போட்டிருக்கிறது. 40,000 வாங்கும்போது வாயால் சொன்னது "முழு புராஜெக்ட்". திருப்பிக் கேட்டதற்கு, மெயில் போடுங்கள் என்றார்கள். மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. 40,000 போனது போனதுதான், ஆறு வருஷத்து அளவைக்கு யார் பதில் சொல்வார்கள்?

என்னென்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புது மெஷினில் திறந்து பாருங்கள். டிராயிங்கை மட்டும் இல்லை, புராஜெக்ட் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்யச் சொல்லுங்கள். பில்லில் "ரா டேட்டா, கோஆர்டினேட் ஃபைல் உட்பட" என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், ரா டேட்டா இரண்டு இடத்தில் சேரும்வரை கருவியின் மெமரியைத் தொடாதீர்கள்.