உப்புக் கரைசல் ஊற்றச் சொன்னால் அது டி.ஐ. ரெசின் அல்ல: கண்ணாடி கழுவும் தொழிலில் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள அலுவலகக் கட்டடங்களின் வெளிக் கண்ணாடிகளைக் கழுவித் தரும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கியதில் சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்ததை, அதே இயந்திரத்தை வாங்கவிருக்கும் யாரேனும் முன்பணம் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான்கு மாடி வரையுள்ள கட்டடங்களை, முனையில் பிரஷ் பொருத்திய நீண்ட கம்பத்தைக் கொண்டு தரையில் நின்றபடியே கழுவுகிறோம். கம்பத்தின் வழியே ஏறும் தண்ணீர் அழுக்கைக் கழுவி இறங்கும். அதன் பிறகு யாரும் துடைப்பதில்லை, கண்ணாடி தானாகக் காய்கிறது. ஆகவே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முழுவதும் கண்ணாடியிலேயே வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) இருக்கலாம் என்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. எங்கள் வேலைக்கோ 10-ஐத் தாண்டினாலே ஆபத்து. எங்கள் கிடங்கின் ஆழ்துளைக் கிணற்றில் 1,400 இருந்தது.

இதைச் சொன்னதும் விற்பனையாளர் தந்த கொட்டேஷன் சரியாகத்தான் இருந்தது: மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, மெம்பரேன் என்ற சவ்வின் வழியே உப்பைத் தடுத்து மணிக்கு 500 லிட்டர் தரும் ஆர்.ஓ., அதற்குப் பின், மீந்த உப்பையும் நீக்க, 25 லிட்டர் கலப்பு ரெசின் (உப்பைப் பிடித்துக்கொள்ளும் இரு வகைச் சிறு மணிகளின் கலவை) நிரப்பிய டி.ஐ. கலம். விலை 1,85,000 ரூபாய், வரி தனி. பொருத்திய அன்று என் கண்முன்னே டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்து 0 காட்டினார். மீட்டரும் அவருடையது. அன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரங்களில் அளவு 40-ஐத் தொட்டது. ரெசின் தீர்ந்துவிட்டது என்றார். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஒரு லிட்டர் கலப்பு ரெசின் ஏறத்தாழ 25 கிராம் உப்பைத்தான் பிடிக்கும். ஆர்.ஓ.விலிருந்து 42 டி.டி.எஸ். நீர் வந்தால் 25 லிட்டர் ரெசின் சுமார் 15,000 லிட்டருக்குத் தாங்கும்; நாங்கள் நாளுக்கு 800 லிட்டர் செலவழிக்கிறோம். ஆக, மூன்று வாரக் கணக்கில் குறையில்லை. குறை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அவருடைய ஆள் வந்து, அச்செழுத்து வெட்டி நீக்கப்பட்ட ஒரு பையிலிருந்து புது ரெசினை நிரப்பி, 11,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இனி மாற்றவே வேண்டாம் சார், வாரம் ஒரு முறை கல்லுப்பைக் கரைத்து ஊற்றி அலசிவிடுங்கள், ஒரு வருடம் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்களும் அப்படியே செய்தோம். அடுத்த வாரம் துரைப்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்று பக்கங்களைக் கழுவி முடித்த மறுநாள் காலை, கட்டட மேலாளர் கைப்பேசியில் படம் அனுப்பினார். கிழக்குப் பக்கத்துக் கருநீலக் கண்ணாடி முழுவதும் கோலமாவு தெறித்ததுபோல் இருந்தது. வெயிலில் சூடேறிய கண்ணாடியில் காய்ந்த உப்பு பிரஷுக்கு அசையவில்லை. கயிற்றில் ஆட்களை இறக்கி, நீர்த்த வினிகர் கொண்டு கையால் துடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்தச் செலவு எங்களுடையது; வருட ஒப்பந்தமும் கையை விட்டுப் போனது. வெயிலில் கயிற்றில் தொங்கியபடி அந்த இரண்டு நாளும் துடைத்த பையன்களிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் பண இழப்பைவிட எனக்கு வேதனையாக இருந்தது.

பேட்டரித் தண்ணீர் தயாரிக்கும் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். கலத்தைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளினார். கசகசா அளவிலான மணிகள், எல்லாம் ஒரே பழுப்பு நிறம். கலத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்: உள்ளே போகும் நீர் 44, வெளியே வரும் நீர் 51. இது சாஃப்ட்னர் ரெசின் என்றார். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் உப்பின் மொத்த அளவு குறையாது. கல்லுப்பால் புத்துயிர் பெறுவது இந்த ரெசின்தான். கலப்பு ரெசினுக்கு இரு வகை மணிகளையும் பிரித்து, ஒன்றுக்கு அமிலமும் மற்றொன்றுக்குக் காஸ்டிக் சோடாவும் வேண்டும். அதில் உப்புக் கரைசலை ஊற்றினால் பாழாகிவிடும். "உப்பு ஊற்றுங்கள்" என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே மோசடி வெளிப்பட்டிருக்கிறது; எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

மெம்பரேனிலும் ஏமாற்றம் இருந்தது. இரண்டே மாதங்களில் ஆர்.ஓ.விலிருந்து வரும் நீர் 210 ஆயிற்று. நல்ல மெம்பரேன் 1,400-இல் 95 விழுக்காட்டுக்கு மேல் தடுக்க வேண்டும். இது 85 விழுக்காடுதான் தடுத்தது. உறையைத் திறந்தபோது வரிசை எண் ஒட்டியிருந்த இடம் சுரண்டப்பட்டு, ரப்பர் வளையம் தேய்ந்து கிடந்தது. 210 உள்ள நீரைக் கொடுத்தால் நல்ல ரெசினும் நான்கு நாளில் தீர்ந்துவிடும். அதாவது பழைய மெம்பரேன் ஒன்றே மாதந்தோறும் ரெசின் விற்பவருக்கு வருமானம்.

வாங்கப்போகிறவர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரைத் தாங்களே வாங்கி, கிணற்று நீர், ஆர்.ஓ. நீர், டி.ஐ. நீர் என மூன்று இடங்களிலும் தினமும் அளந்து குறித்து வையுங்கள். மீட்டர் திரையின் ஓரத்தில் சிறியதாகப் பத்துப் பெருக்கல் குறி மின்னுகிறதா என்றும் பாருங்கள். மின்னினால் 140 என்பது 1,400. மெம்பரேனையும் ரெசினையும் மூடிய உறையோடு உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தைக் குறைந்தது ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள்.

வழக்கறிஞரிடம் போனபோது இன்னொன்று தெரிந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எட்டுப் பேரை வைத்து நடத்தும் எனக்கு அது பொருந்துவது கடினம் என்றார். மேலும் வரி சேர்த்து 2,18,300 ரூபாய் வாங்கிக்கொண்டவர் எனக்குத் தந்தது வெறும் கொட்டேஷன் தாள், ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ரசீது இல்லை. வங்கிப் பரிமாற்றச் சான்றையும், உரையாடல் பதிவுகளையும், வரிசை எண் சுரண்டிய மெம்பரேனின் படங்களையும் இணைத்து வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அந்தப் பழுப்பு மணிகளில் ஒரு பாட்டில் என் மேசையில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது.