1940 சதவீத டிவிடெண்டும் பிஎஸ்இ அறிவிப்புப் பக்கமும்

பங்குச் செய்திக்கு நான் நம்பித் திறப்பது பிஎஸ்இ என்ற மும்பை பங்குச் சந்தை இணையதளத்தின் கார்ப்பரேட் அறிவிப்புகள் பக்கத்தைத்தான். காசு கிடையாது, லாகினும் கிடையாது. கம்பெனி பெயரையும் தேதியையும் போட்டால், கம்பெனி செக்ரட்டரி கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் அப்படியே பிடிஎஃப்பாக வந்து நிற்கும்.

என் மைத்துனருக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டே போதும். 2024 மே மாதம் டயர் கம்பெனி எம்ஆர்எஃப்பின் ரிசல்ட் வந்த அன்று, "1940 சதவீதம் டிவிடெண்ட், விட்றாதீங்க மச்சான்" என்று அனுப்பினார். டிவிடெண்ட் என்பது கம்பெனி லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பங்கு. பிடிஎஃப்பில் இருந்தது பங்குக்கு 194 ரூபாய். இந்தச் சதவீதத்தைச் சந்தை விலைக்கு அல்ல, பங்கில் குறித்திருக்கும் முகமதிப்புக்குத்தான் கணக்கிடுவார்கள்; அது 10 ரூபாய் என்பதால் சதவீதம் அப்படி எகிறுகிறது. சந்தையில் அந்தப் பங்கின் விலையோ ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். அந்த நிதியாண்டில் ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்த மும்மூன்று ரூபாயையும் சேர்த்தால் மொத்தம் 200 ரூபாய். அன்றைய விலைக்கு வாங்கியவருக்கு இது கால் சதவீதம்கூடத் தேறாது. பிப்ரவரியில் "லட்ச ரூபாய் பங்குக்கு மூணு ரூபாயா" என்று சிரித்ததும் இதே மனிதர்தான். அது வருஷ நடுவில் கொடுக்கும் இடைக்கால டிவிடெண்ட் என்று அந்தக் கடிதத்திலேயே போட்டிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நேரம் காட்டும் வரி. கம்பெனியின் கடிதம் எப்போது வந்தது, எப்போது பக்கத்தில் ஏறியது என்று நொடி வரை இருக்கும். டிவிடெண்ட், ரிசல்ட் போன்ற போர்டு (இயக்குநர் குழு) முடிவுகளை, கூட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. சந்தை மூடிய பிறகு கூட்டம் முடிந்தால் மூன்று மணி நேரம். அந்த நேரத்தை அன்றைய விலை வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால், விலை செய்திக்கு முன்னாலேயே ஓடிவிட்டதா என்று தெரிந்துவிடும். டிவியில் அதை 'பிரேக்கிங்' என்று சொல்லும்போது பெரும்பாலும் ஓடி முடித்திருக்கும்.

'விலை ஏன் இப்படி ஏறியது' என்று பிஎஸ்இ கேட்டு, கம்பெனி பதில் சொல்லும் கடிதங்களும் இங்கே வரும். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டோம், இது சந்தையின் போக்கு என்பதுதான் வழக்கமான பதில். சின்னக் கம்பெனி எதையாவது வாங்குவதற்கு முன் நான் முதலில் தேடுவது இதைத்தான். இப்படி ஒரு கடிதம் இருந்தும் விலை ஏறிக்கொண்டே போனால், அந்தப் பங்கின் பக்கமே போக மாட்டேன்.

குறைகள் உண்டு. தொலைந்த ஷேர் சர்டிஃபிகேட், பேப்பரில் வந்த விளம்பர நகல், அனலிஸ்ட் கூட்டத் தகவல் என்று குப்பை நிறைய. சில கம்பெனிகள் அட்டவணையைச் சாய்வாக ஸ்கேன் செய்து அனுப்பும். போனைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கும். கடிதங்கள் எல்லாம் ஆங்கிலம், அதுவும் வக்கீல் நோட்டீஸ் நடை. ரிசல்ட்டில் தனிக் கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு என்று இரண்டு வரும். போன வருஷத்தோடு ஒப்பிடும்போது அதையும் இதையும் கலந்துவிடக் கூடாது.

பங்குகளைப் பிரிக்கிற சமயத்திலும் இந்தப் பக்கம் கைகொடுக்கும். 2024 ஜனவரியில் நெஸ்லே இந்தியாவின் ஒரு பங்கு பத்தானது, விலையும் அதே கணக்கில் பத்தில் ஒன்றானது. புதுப் பங்குகள் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) ஏறும்வரை மைத்துனரின் ஆப் 90 சதவீத நஷ்டம் காட்ட, ராத்திரி போன் வந்தது. ரெக்கார்டு தேதி (அன்று பங்கு வைத்திருப்பவருக்கே புதுப் பங்கு) போட்ட கடிதத்தை அனுப்பி வைத்தேன்.

இந்தப் பக்கத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. தினமும் வாங்கி விற்பவர்களுக்கு இது சரிப்படாது. பத்து, பதினைந்து கம்பெனிப் பங்குகளை வைத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு தடவை பார்த்தால் தாராளம்.