குலுக்கலா, திறந்த கூட்டமா?

மக்களைக் கேட்டு முடிவெடுப்பது என்றால் யாரைக் கேட்பது? இரண்டு இடங்கள் இரண்டு விதமாகச் செய்தன.

அயர்லாந்து 2016-ல் குலுக்கலை நம்பியது. சிக்கலான கேள்விகளை விவாதிக்கும் குடிமக்கள் பேரவைக்கு 99 பேர். வயது, பாலினம், பகுதி, சமூக நிலை எல்லாம் நாட்டின் கலவையைப் போலவே இருக்கும்படி தேர்வு. தலைவர், நீதிபதி மேரி லாஃபாய். டப்ளின் அருகே மாலஹைடில் ஒரு ஹோட்டலில், வார இறுதிகளில் மேசை மேசையாக உட்கார்ந்தார்கள். பேச்சை ஒழுங்குபடுத்த மேசைக்கு ஒருவர். கருக்கலைப்புத் தடை பற்றி மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் விளக்கினார்கள். அந்த நிலையைத் தாங்களே சந்தித்த பெண்களின் ஒலிப்பதிவுகளும் ஒலித்தன. அப்புறம்தான் வாக்கு. 2018-ல் நாடே வாக்களித்தபோது 66.4 சதவீதம் பேர் தடையை நீக்கச் சொன்னார்கள்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியது. நகரின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களே சொல்லும் முறை அது. அதில் குலுக்கல் இல்லை. பகுதிக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வர முடிந்தது. சாக்கடை முதலா, சாலை முதலா என்று வந்தவர்களே வரிசைப்படுத்தினார்கள். பகுதிகளுக்குப் பணத்தைப் பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு மட்டுமல்ல, வசதி எவ்வளவு குறைவு என்பதற்கும் மதிப்பெண் இருந்தது. குடிசைப் பகுதிக்குக் குழாய் போய்ச் சேர்வதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வேலை முடிந்து களைத்து வருகிறவர் கூட்டத்துக்கு வர முடியாமல் போகலாம். அவர் குரல் விட்டுப்போகும்.

தெருவுக்குத் தண்ணீர் என்றால் போர்ட்டோ அலெக்ரே வழி. மனசாட்சியைத் தொடும் சட்டம் என்றால் குலுக்கல்தான் என் தேர்வு. பொறுமையாகக் கேட்க அயர்லாந்தில் ஐந்து வார இறுதிகள் கொடுத்தார்கள்.