ஓப்பன்ஸ்டாக்ஸ் கணித வரிசை: கூட்டலில் தொடங்கி நுண்கணிதம் வரை

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ், கல்லூரிக் கணிதப் பாடநூல்களை இலவச பிடிஎஃப்பாகவே தருகிறது. அடிப்படை ஆட்டம் கண்டவர்கள் வெட்கப்படாமல் 'பிரிஅல்ஜிப்ரா'வில் (இயற்கணிதத்துக்கு முந்தைய பாடம்) தொடங்கலாம். முழு எண்கள்தான் முதல் அத்தியாயம். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இரண்டு மூன்று முன்தேர்வுக் கணக்குகள். தவறினால் எந்த எடுத்துக்காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று எண்ணோடு சொல்லிவிடுகிறார்கள். அருமையான ஏற்பாடு, தாண்டிப் போகாதீர்கள்.

தாண்டினால் என்ன ஆகும் என்பது நுண்கணிதத்தில் தெரியும். x²-இன் வகைக்கெழுவை (x மாறும்போது அது மாறும் வீதம்) வரையறையிலிருந்து காணும்போது (2xh + h²)/h வரும்; h என்பது x-இல் வரும் சிறு மாற்றம். பின்னச் சுருக்கம் பிடிபடாதவர்கள் ஓர் உறுப்பில் மட்டும் h-ஐ அடித்துவிட்டு 2x + h² என்று எழுதுவார்கள். சரியானது 2x + h. h பூச்சியத்தை நெருங்கும்போது இரண்டுமே 2x ஆகிவிடுவதால் பிழை வெளியே தெரியாது. x² + x-க்கு வரும்போது மாட்டிக்கொள்வார்கள்: 2x + 1 வர வேண்டிய இடத்தில் 2x மட்டுமே வரும்.

'காலேஜ் அல்ஜிப்ரா' (கல்லூரி இயற்கணிதம்), 'பிரிகால்குலஸ்' (நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம்) இரண்டிலும் பாதிக்குமேல் ஒரே சரக்கு. நுண்கணிதம்தான் இலக்கு என்றால் பின்னது போதும். நுண்கணிதம் மூன்று தொகுதிகள். முதல் தொகுதியின் தொகையீட்டு (இன்டக்ரேஷன்) அத்தியாயங்களே இரண்டாவதன் தொடக்கத்தில் மீண்டும் வருகின்றன, திகைக்க வேண்டாம்.

பெரிய குறை விடைப்பகுதி. ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டுமே விடை, அதுவும் பெரும்பாலும் வழிமுறை இல்லாமல். ஆசிரியர் துணையின்றிப் படிப்பவர்கள், தீர்த்த எடுத்துக்காட்டுகளை மூடிவைத்துத் தாங்களே போட்டுப் பார்த்து, பிறகு வரிவரியாக ஒப்பிட வேண்டும்.