லக்சம்பர்க்கின் டிக்கெட் இல்லாத பஸ்ஸும் ட்ராமும்

லக்சம்பர்க்கில் பஸ், ட்ராம், ரயில் மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. 2020 பிப்ரவரி 29 முதல் இப்படித்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, காலையில் விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் இலவசம். நாடு முழுக்க இதைச் செய்த முதல் நாடு இதுதான். நான் அரசு பஸ்ஸில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளைப் பார்க்கப் போன இடத்தில் கோட்டை கொத்தளங்களைவிட இந்த வண்டிகளைத்தான் அதிகம் கவனித்தேன்.

ஃபின்டல் விமான நிலையத்துக்கே ட்ராம் வந்துவிடுகிறது. 2025 மார்ச்சில்தான் பாதையை அதுவரை நீட்டினார்கள். பெட்டியோடு ஏறியதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "டிக்கெட்டெல்லாம் கிடையாதுப்பா, உட்காருங்க" என்றாள் மகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறியதும் வண்டி கிளம்பிவிடுகிறது. டிக்கெட் போடுவதில் எவ்வளவு நேரம் போகும் என்பது எனக்குத் தெரியும். கூட்டம் பிதுங்கும் காலை டிரிப்பில், அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் கொடுத்து முடிக்க முடியாமல் விசிலடித்து வண்டியை ஓரங்கட்டச் சொன்ன நாட்கள் உண்டு. சில்லறைக்காக நடந்த சண்டைகளோ கணக்கில் அடங்காது. அப்படி ஒரு சண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

கிர்ச்பெர்க் பகுதியில் சிவப்புப் பாலத்தின் அருகே ட்ராமை விட்டு இறங்கினால், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் கயிற்று ரயில் இருக்கிறது. அதுவும் இலவசம். கீழே பாஃபென்டால் ரயில் நிலையம். அங்கிருந்து பழைய தெருக்கள் வழியே கொஞ்சம் நடந்தால், மலையை ஒட்டி நிற்கும் கண்ணாடி லிஃப்ட் நம்மை மேலே பழைய நகரத்துக்குக் கொண்டு போய் விடுகிறது. 71 மீட்டர் உயரம். முதியவர்கள் மளிகைப் பையோடு அதில் ஏறி வீடு திரும்புவதைப் பார்த்தேன். தப்பான வண்டியில் ஏறிவிட்டாலும் நஷ்டமில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம். ஊரைச் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். நல்ல திட்டம், மனதார வரவேற்றவன் நான். ஆனால் கட்டணமில்லாச் சீட்டை நான் நீட்டும்போதே, 'ஓசி' என்று பக்கத்து சீட்டில் யாராவது முணுமுணுப்பார்கள். கூலி வேலைக்குப் போகிற பெண் அதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். லக்சம்பர்க்கில் கோட் போட்டவரும், தூரிகை வாளியோடு வேலைக்குப் போகிறவரும் ஒரே வண்டியில் ஒரே மாதிரி ஏறுகிறார்கள். எல்லோருக்கும் இலவசம் என்றால் யாரை ஓசி என்று சொல்வது?

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். முன்பு இரண்டு மணி நேரத்துக்கு 2 யூரோ வாங்கினார்கள். அந்த வசூல் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மீதியை ஏற்கெனவே வரிப்பணம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. 2,586 சதுர கிலோமீட்டர்தான் நாடு, ஆனால் பணக்கார நாடு. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து மட்டும் தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கு வந்து போகிறார்கள். இத்தனைக்கும் பிறகு கார்கள் குறைந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். காலையிலும் மாலையிலும் சாலையில் கார் வரிசை நீளமாகத்தான் நிற்கிறது. காசு வாங்காமல் விட்டால் மட்டும் போதாது, வண்டி அடிக்கடி வர வேண்டும். ட்ராம் வருகிறது, அதனால் நிரம்புகிறது. கிராமத்துப் பக்கம் போகும் பஸ்களுக்கு இடைவெளி அதிகம், செயலியில் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

எட்டல்ப்ரூக் வரை ரயில், அங்கிருந்து பஸ் பிடித்து வியாண்டன் கோட்டைக்குப் போனோம். ரயிலில் சீருடை போட்ட ஒரு நடத்துநர் வந்தார். டிக்கெட்டை ஒழித்துவிட்டார்களே தவிர, ஆட்களை வேலையைவிட்டு அனுப்பவில்லை. முதல் வகுப்புக்கு மட்டும் இன்னும் கட்டணம் உண்டு, அந்த டிக்கெட்டை அவர்கள் சரிபார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. குழந்தை வண்டியோடு இறங்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, நடைமேடையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடச் சொன்னார். வேலை என்றால் இதுதான் வேலை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்புறம், பயணம் இலவசம் என்பதால் ஊரும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடும் அறை வாடகையும் கையைக் கடிக்கும். ஜெர்மனியின் ட்ரியருக்குப் போகிறவர்களுக்கு எல்லை நிலையமான வாசர்பில்லிக் வரைதான் இலவசம். அதற்கு அப்பால் டிக்கெட் வேண்டும், கிளம்பும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.